கொள்ளிடத்து நீர்நாய்க்காக லண்டனில் பணம் கேட்பது

ஜனவரியில் ஆய்வேட்டுக்கான களப்பணி தொடங்க வேண்டும், எந்த நிதிநல்கைக்கு விண்ணப்பிக்கலாம் என்று டிசம்பரில் கேட்கும் வன உயிரியல் மாணவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: எதற்கும் வேண்டாம். வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று உங்கள் விண்ணப்பத்தைப் படித்து, பரிந்துரையாளர்களிடம் விசாரித்து, முடிவைச் சொல்லிப் பணம் அனுப்புவதற்குப் பல மாதங்கள் ஆகும். முதுகலை இறுதிப் பருவத்துக்குள் அது அடங்காது. அந்தச் சில மாதங்களுக்கு, ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் யாருடைய திட்டத்திலாவது பயிற்சியாளராகச் சேர்ந்துகொள்ளுங்கள். அல்லது தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் மாணவர் திட்டத்துக்குக் கல்லூரி வழியாக முன்கூட்டியே எழுதிப்போடுங்கள். கிடைப்பது சிறு தொகைதான். பெட்ரோலுக்கு ஆகும், விண்ணப்பம் எழுதிப் பழகவும் ஆகும்.

நான் சொல்லப்போவது அதற்கு அடுத்த கட்டத்தை. முதுகலை முடித்து, முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்வதற்கு முன்னால் வரும் அந்த இடைவெளி. அல்லது முனைவர் பட்டத்தின் முதல் ஆண்டு. உங்கள் பெயரில், உங்கள் கேள்விக்காக, முதல்முறையாக ஒரு தொகை வாங்கும் பருவம் அதுதான். நான் மயிலாடுதுறையில் வன உயிரியல் படித்தவள், கொள்ளிடக் கரையில் நீர்நாய்களின் பின்னால் அலைந்தவள். இப்போது இளையவர்கள் அனுப்பும் முன்மொழிவுகளில் சிவப்பு மையால் கோடு போடுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஆகவே என் உதாரணங்கள் எல்லாம் நீர்நாயிலேயே வந்து முடியும். உங்களுடையது தேவாங்கோ, ஆந்தையோ, ஆற்றுமீனோ, பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

கேள்வியைச் சுருக்குங்கள்

"தமிழ்நாட்டில் நீர்நாய்களின் பரவலும் சூழலியலும் பாதுகாப்பும்" என்று தலைப்பிட்டு வரும் முன்மொழிவில் நான் இரண்டாம் பக்கத்தைப் புரட்டுவதில்லை. பரவல் ஒருவருடைய ஆயுட்கால வேலை, சூழலியல் இன்னொருவருடையது. ஓராண்டுப் பணத்தில் இரண்டையும் முடித்து, மிச்ச நேரத்தில் விலங்கையும் காப்பாற்றிவிடுவேன் என்று எழுதுபவரை யார் நம்புவார்கள்?

இதையே இப்படிக் கேளுங்கள்: "கல்லணைக்குக் கிழக்கே, கொள்ளிடக் கரையின் முப்பது கிலோமீட்டரில், மணல் அள்ளிய இடங்களையும் அள்ளாத இடங்களையும் ஒப்பிட்டால், நீர்நாய்கள் பொந்து வைப்பதில் வேறுபாடு இருக்கிறதா?" இப்போது ஆறு தெரிகிறது, நீளம் தெரிகிறது, எதை எண்ணப்போகிறீர்கள் என்று தெரிகிறது. படிப்பவர் லண்டனில் உட்கார்ந்திருந்தாலும் உங்கள் கூடவே கரையில் நடந்து வர முடிகிறது.

அதோடு ஒரு சோதனையும் வையுங்கள். முடிவு கையில் வந்த மறுநாள் யார் எதை மாற்றிச் செய்வார்? கரையைப் பலப்படுத்தும்போது எந்தப் பகுதியைத் தொடாமல் விடலாம் என்று நீர்வளத் துறைப் பொறியாளருக்குச் சொல்ல முடியுமா? நீர்நாய் வலையைக் கிழிக்கும் மாதங்களில் எங்கே வலை போட வேண்டாம் என்று மீனவர்களோடு சேர்ந்து முடிவெடுக்க முடியுமா? ஒருவர் பெயரும் வரவில்லையென்றால் அது தூய ஆராய்ச்சி. அதில் குறையொன்றும் இல்லை. அதற்கான பணம் வேறு இடத்தில் இருக்கிறது. தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குங்கள்; 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளைகளிடம் போய் அறிவுக்காக அறிவு என்று வாதாடாதீர்கள்.

விலங்கின் பொதுவான வரலாற்றை எழுதிப் பக்கத்தை நிரப்புவது இன்னொரு வியாதி. நம் ஆறுகளில் இருக்கும் நீர்நாய் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனங்களில் ஒன்று, 2019இல் வன உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின், கடும் தடையுள்ள முதல் இணைப்புக்கு மாற்றப்பட்டது என்பதையெல்லாம் இரண்டு வரியில் முடித்துவிடலாம். மதிப்பீட்டாளர் அதை எங்கும் படித்துக்கொள்வார். அவருக்குக் கிடைக்காதது உங்களிடம் இருக்கிறது. கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால் என்பது அவருக்குத் தெரியாது. கோடையில் ஆறு மணலாகி, நீர் ஆங்காங்கே மடுக்களில் மட்டும் நிற்கும், நீர்நாயும் மீனவரும் அதே மடுவுக்குத்தான் வந்தாக வேண்டும் என்பது தெரியாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படும், அதன்பின் உங்கள் கால அட்டவணையே மாறிவிடும் என்பதும் தெரியாது. இந்த மூன்று வாக்கியங்கள் ஒரு முன்மொழிவைத் தூக்கி நிறுத்திவிடும்.

கால அட்டவணையை மாதப் பெயர்களால் போடாமல் ஆற்றின் போக்கால் போடச் சொல்வதும் இதனால்தான். மணலில் கால்தடமும், மீன் செதிள் நிறைந்த எச்சமும் தேடுவதற்கு ஆறு வற்றிக் கிடக்கும் காலம், மார்ச் முதல் மே வரை. தண்ணீர் வந்துவிட்டால் ஊர்களில் நேர்காணல். வடகிழக்குப் பருவமழையில் வீட்டில் உட்கார்ந்து தரவைச் சரிபார்ப்பது. கூடவே, ஆறு நீங்கள் சொன்னபடி கேட்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் எழுதுங்கள். 2018 ஆகஸ்டில் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. அப்படியோர் ஆண்டில் கரையோரக் கணக்கெடுப்பு என்னவாகும்? மாற்றுத் திட்டம் ஒரு பத்தி இருந்தாலே போதும், இவருக்குக் களம் தெரியும் என்று புரிந்துகொள்வார்கள்.

யாரிடம் கேட்பது

முதலில் லண்டனில் இருக்கும் ரஃபோர்டு அறக்கட்டளை. வளரும் நாடுகளில் நடக்கும் சிறு பாதுகாப்புத் திட்டங்களுக்குச் சில ஆயிரம் பவுண்டு தருபவர்கள். முதல் நல்கையை ஒழுங்காக முடித்தால் இரண்டாவது, பிறகு பெரிய தொகை என்று படிப்படியாக ஏறலாம். முன் அனுபவம் குறைந்தவருக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரிந்து இல்லை. அவர்கள் பணம் கொடுத்த திட்டங்களையும் இறுதி அறிக்கைகளையும் இணையத்தில் எல்லோரும் பார்க்கலாம். விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் இந்தியாவிலிருந்து போன அறிக்கைகளை ஒரு வாரம் உட்கார்ந்து படியுங்கள். உங்கள் விலங்கைப் பற்றி ஏற்கெனவே யார் என்ன செய்திருக்கிறார்கள் என்று தெரியும். எந்த அளவு வேலைக்கு எவ்வளவு பணம் என்ற கணக்கும் பிடிபடும்.

கூட்டாளிகள் இருந்தால் கன்சர்வேஷன் லீடர்ஷிப் புரோகிராம். 1985 முதல் நடப்பது. பேர்ட்லைஃப் இன்டர்நேஷனல், ஃபானா அண்ட் ஃபுளோரா, வைல்டுலைஃப் கன்சர்வேஷன் சொசைட்டி ஆகியவை சேர்ந்து நடத்துகின்றன. தனி ஆளுக்குத் தருவதில்லை, குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு வேண்டும். குழு என்பதற்காக விடுதி அறைத்தோழரின் பெயரைச் சேர்க்காதீர்கள். யார் ஜி.ஐ.எஸ். மென்பொருளில் வரைபடம் போடுவார், யார் ஊராரிடம் பேசுவார், யார் கணக்கு எழுதுவார் என்று பிரித்துக் காட்ட முடிந்தால்தான் அது குழு.

ஒரே ஓர் இனத்தை மட்டும் பற்றிய வேலை என்றால் அபுதாபியின் முகமது பின் சயீது இனப் பாதுகாப்பு நிதி. 2008இல் தொடங்கியது, 25,000 டாலர் வரை தருவார்கள். யாரும் கண்டுகொள்ளாத நத்தைக்கும் தவளைக்கும் பூஞ்சைக்கும்கூட அவர்கள் கை நீளும். புலி ஆராய்ச்சியாளர்களின் கூட்டத்தில் முட்டி மோத விரும்பாதவர்களுக்கு நல்ல இடம்.

பணமாக இல்லாமல் கருவியாகத் தருபவர்கள் அமெரிக்காவின் ஐடியா வைல்டு. பைனாகுலர், தானியங்கி கேமரா, ஜி.பி.எஸ். போன்றவை. கருவிகளை அங்கே கேட்டுவிட்டால் மற்ற நல்கையைக் களச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தால் சுங்கவரியை யார் கட்டுவது என்பதை மட்டும் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைத் தவிர இனவாரியாகவும் வாசல்கள் உண்டு: வௌவாலுக்கு பேட் கன்சர்வேஷன் இன்டர்நேஷனல், ஆசியப் பறவைகளுக்கு ஓரியண்டல் பேர்ட் கிளப், குரங்கினங்களுக்கு பிரைமேட் கன்சர்வேஷன் நிறுவனம். தேவாங்கு ஆராய்பவர்கள் கடைசியாகச் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். தேவாங்கும் குரங்கினத்தோடு சேர்ந்ததுதானே.

நம் நாட்டுக்குள்ளேயே வேண்டுமானால் ரவி சங்கரன் பெயரில் இன்லாக்ஸ் அறக்கட்டளை தரும் உதவித்தொகை. கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி மையத்தின் இயக்குநராக இருந்து 2009இல் காலமான பறவையியலாளர் ரவி சங்கரன். அந்தமான் நிகோபார் தீவுகளில் உண்ணக்கூடிய கூடு கட்டும் உழவாரக் குருவிகளுக்காக, கூடு எடுப்பவர்களையே காவலர்களாக்க முயன்றவர். அவர் பெயரில் ஒரு தொகை கேட்கும்போது ஊர்மக்களை எதிரிகளாகச் சித்திரிக்கும் முன்மொழிவை அனுப்பினால் எனக்கே கோபம் வரும்.

அனுமதி

பணத்தைவிட அனுமதிதான் தாமதமாக வரும். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் ஆய்வுக்காக நுழைய அனுமதி தர வழி செய்கிறது. விலங்கைப் பிடிப்பது, இருப்பிடம் அறிய ரேடியோ பட்டை மாட்டுவது என்று போனால் 12ஆம் பிரிவு வந்துவிடும். சட்டம் மிக உயர்ந்த பாதுகாப்பு தரும் முதல் அட்டவணை விலங்குக்கு மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். மாணவப் பருவத்தில் அந்தப் பக்கமே போகாதீர்கள். தொடாமல் செய்யும் ஆய்வுகளே ஏராளம் இருக்கின்றன.

கொள்ளிடக் கரை சரணாலயம் இல்லை, யாரிடம் கேட்பது என்று நினைக்கலாம். கேளுங்கள். கேமரா பொருத்தப்போகிறீர்கள், எச்சம் சேகரிக்கப்போகிறீர்கள், அதிகாலையில் தலைவிளக்கோடு ஆற்றில் நடமாடப்போகிறீர்கள். மாவட்ட வன அலுவலருக்கு நெறியாளர் கையொப்பத்தோடு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வையுங்கள். மணல் கடத்துபவரும் மணல் கடத்தலைத் தடுப்பவரும் உங்களை ஒரே கண்ணோடு பார்க்கும் இடம் அது. சரணாலயம் என்றால் சென்னையிலுள்ள தலைமை வன உயிரினக் காப்பாளருக்கு விண்ணப்பம் போக வேண்டும். அது அந்தப் பகுதியின் வனக் கோட்டத்துக்கு இறங்கி, கருத்து எழுதப்பட்டு, மீண்டும் மேலே ஏறும். நல்கைக்கு விண்ணப்பிக்கும் அன்றே இதற்கும் விண்ணப்பித்துவிட்டு, "அனுமதிக்கு இந்தத் தேதியில் விண்ணப்பித்திருக்கிறேன்" என்று முன்மொழிவில் எழுதுங்கள். அனுமதி "பெறப்படும்" என்ற மொட்டை வாக்கியத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

எச்சத்திலிருந்து மரபணு ஆய்வு செய்வதாக இருந்தால் மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் வேண்டாம். 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் குறுக்கே நிற்கும். ஹைதராபாத்தில் சி.சி.எம்.பி. என்ற மத்திய உயிரியல் ஆய்வு நிறுவனத்தின், வன உயிரின மரபணு ஆய்வுக்கான லாகோன்ஸ் ஆய்வகம் இருக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

பணம் எப்படி வந்து சேரும்

இதைப் பற்றிக் கல்லூரியில் யாரும் சொல்லித்தருவதில்லை. வெளிநாட்டுப் பணம் இந்தியாவுக்குள் வருவதை வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010 கட்டுப்படுத்துகிறது. படிப்புதவித்தொகை போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் படகு வாடகைக்கும் உதவியாளர் கூலிக்குமாக வரும் திட்டப் பணம் அந்த விலக்குக்குள் வருமா என்பது உங்கள் ஊகத்துக்கு விடக்கூடிய விஷயம் இல்லை. விண்ணப்பிப்பதற்கு முன்பே இந்தச் சட்டம் அறிந்த ஓர் ஆடிட்டரிடம் கேளுங்கள். இந்தியாவுக்கு எப்படி அனுப்புகிறீர்கள் என்று நல்கை தரும் அமைப்பிடமும் மின்னஞ்சலில் கேளுங்கள். அவர்களுக்கு இது பழகிய கேள்வி.

தெரிந்த தொண்டு நிறுவனம் ஒன்று தன் கணக்கில் வாங்கி எனக்குக் கொடுத்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். அந்த வழியை 2020ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. இந்தச் சட்டத்தின்கீழ் பதிவுபெற்ற நிறுவனம் வெளிநாட்டு நன்கொடையை வேறொருவருக்கு மாற்றித்தர முடியாது. திட்டத்தை அந்த நிறுவனமே நடத்தி, உங்களை அதில் பணியாளராக வைத்துக்கொள்வது வேறு. அது அப்படியே இருந்தால் காகிதத்திலும் அப்படியே எழுத வேண்டும். நிர்வாகச் செலவுக்கு நன்கொடையில் 20 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பதும் அதே திருத்தத்தில் வந்தது. உங்கள் பல்கலைக்கழகத்துக்கோ நிறுவனத்துக்கோ இந்தப் பதிவு இருக்கிறதா என்று முதல் வாரத்திலேயே விசாரித்துவிட்டால், பிறகு வெற்றி பெற்றும் பணம் வாங்க முடியாமல் விழிக்கும் நிலை வராது.

பட்ஜெட்

நான் முன்மொழிவைக் கையில் எடுத்தால் முதலில் படிப்பது பட்ஜெட்டைத்தான். பட்ஜெட் சீர்வரிசைப் பட்டியல் போலப் பொருள்களின் அணிவகுப்பாக இருந்தால், இவர் களத்துக்குப் போனதில்லை என்று தெரிந்துவிடும்: விலையுயர்ந்த மடிக்கணினி, ட்ரோன், டி.எஸ்.எல்.ஆர். கேமரா, கூலிக்கு ஒரு வரி. நீர்நாய் ஆய்வுக்கு நல்ல ஒரு நூறு மில்லிமீட்டர் அளவுகோலும் நீரில் நனையாத குறிப்பேடும் போதும் என்று நான் சொன்னால் யாரும் ரசிப்பதில்லை.

கூலியிலிருந்து தொடங்குங்கள். ஆற்றை அறிந்த மீனவர் ஒருவரை மாதத்துக்கு 15 நாள், பத்து மாதங்களுக்கு அமர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 700 ரூபாய் என்றால் 1,05,000 ரூபாய். இந்த 700 எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதுங்கள்: அவர் வலை போடாமல் உங்களோடு வரும் நாளில் இழக்கும் வருமானம் எவ்வளவு என்று அவரிடமே கேட்டு வாங்கிய எண்ணாக அது இருக்கட்டும். கூலியைக் குறைத்து மொத்தத் தொகையை அழகாக்கும் மாணவர்களை எனக்குப் பிடிக்காது. மடு எங்கே, பொந்து எங்கே, எந்தத் தடம் நீர்நாயுடையது, எது கீரியுடையது என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. உங்கள் பட்டம் அதன்மேல் ஏறித்தான் நிற்கப்போகிறது. அவருக்கு விபத்துக் காப்பீடும் உயிர்காப்பு மேலங்கியும் அதே பக்கத்தில் வரட்டும்.

பெட்ரோலுக்கும் இதே போலத்தான். நாளுக்கு 60 கிலோமீட்டர், வண்டி லிட்டருக்கு 45 கிலோமீட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் நாளுக்கு ஏறத்தாழ 135 ரூபாய். அதே 150 நாளுக்கு 20,250. "பயணம்: 50,000" என்று முழு எண்ணாக எழுதுவதைவிட இந்தக் கணக்கு நூறு மடங்கு நம்பகமானது.

கேமரா வைத்தால் திருட்டுப் போகும். ஆற்றங்கரையில் கட்டாயம் போகும். இரும்புப் பெட்டி, சங்கிலி, பூட்டு, கூடுதலாக இரண்டு கேமரா ஆகியவற்றைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். பரிசல் வாடகை, கரையோர ஊரில் அறை வாடகை, நேர்காணலுக்குப் போகும்போது டீச்செலவு, வங்கி பிடித்துக்கொள்ளும் கட்டணம், பவுண்டின் ஏற்ற இறக்கம் ஆகியவையும் உண்மையான செலவுகளே. எந்தத் தேதியின் மாற்று விகிதத்தில் கணக்கிட்டீர்கள் என்று அடியில் குறித்துவிடுங்கள். உங்களுக்கென்று மாதம் ஒரு தொகை எடுக்கலாமா என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். விதி அனுமதித்தால் எடுங்கள். பட்டினி கிடந்து ஆராய்ச்சி செய்வதில் பெருமை ஏதும் இல்லை. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவர்கள் இந்தத் துறைக்கே வராமல் போவதற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணம்.

ஆங்கிலம், பரிந்துரை, அறிக்கை

ஆங்கிலம் வராது என்ற பயத்தில்தான் பலர் விண்ணப்பிப்பதே இல்லை. முதலில் தமிழில் எழுதுங்கள், உங்கள் களஉதவியாளருக்குச் சொல்வதுபோல. அவருக்குப் புரிந்தால் திட்டம் தெளிவாக இருக்கிறது என்று பொருள். பிறகு சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். செயற்கை நுண்ணறிவு எழுதித்தந்த முன்மொழிவுகள் இப்போது எனக்கும் வருகின்றன. இலக்கணம் சுத்தமாக இருக்கும். ஓர் ஊரின் பெயர்கூட இருக்காது.

பரிந்துரையாளராகப் பெரிய பெயரைத் தேடாதீர்கள். உங்களைக் களத்தில் பார்த்தவர், மின்னஞ்சலுக்குப் பதில் போடுபவர், நிறுவன முகவரியிலிருந்து எழுதக்கூடியவர் போதும். அவருக்கு முன்கூட்டியே சொல்லி முன்மொழிவின் பிரதியையும் கொடுங்கள். கேட்காமல் பெயரைப் போட்டுவிட்டு, லண்டனிலிருந்து கடிதம் போனபின் "சார், ஒரு விஷயம்" என்று இழுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிராகரித்தால் காரணம் கேட்டு ஒரு பணிவான மின்னஞ்சல் போடுங்கள். சிலர் பதில் தருவார்கள். அதே முன்மொழிவைத் தூசி தட்டி அப்படியே வேறு இடத்துக்கு அனுப்பினால் அடுத்தவருக்கு அது தெரியும். முகமது பின் சயீது நிதிக்கு இனத்தின் நிலையை முன்னால் கொண்டுவாருங்கள், ரஃபோர்டுக்கு ஊரில் நடக்கப்போகும் மாற்றத்தை.

கிடைத்துவிட்டால், பணம் வந்த அன்றே தனிக் கோப்பு ஒன்று போடுங்கள். ரசீது இல்லாத செலவுக்குக் கையெழுத்து வாங்கிய வவுச்சர் வேண்டும். பரிசல்காரர் பில் தரமாட்டார். இடைக்கால அறிக்கையை ஒரு நாள்கூடத் தாமதிக்காதீர்கள், இரண்டாவது நல்கை அதை வைத்துத்தான் தீர்மானமாகிறது. இறுதி அறிக்கையின் ஒரு பிரதி மாவட்ட வன அலுவலருக்கு, ஒன்று நீர்வளத் துறைக்கு. தமிழில் நான்கு பக்கச் சுருக்கம் ஒன்று எழுதி, நீங்கள் பெயர் குறித்துக்கொண்டு நேர்காணல் எடுத்த ஒவ்வொரு ஊரின் பஞ்சாயத்து அலுவலகத்திலும் கொடுங்கள். அந்த அச்சுச் செலவையும் பட்ஜெட்டில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.